வேலையில்லாத காலத்தின் செலவு யார் தலையில்?

(மந்தைவெளியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வேலையின்மையின் பொருளாதார, சமூக விளைவுகளைப் பற்றிப் பேசுமாறு அறக்கட்டளையினர் பணித்திருக்கிறார்கள். இதைப் பேச மந்தைவெளியைவிடப் பொருத்தமான இடம் சென்னையில் குறைவு. இங்கிருந்து கிழக்கே நடந்தால் சாந்தோம் நெடுஞ்சாலை. அரசு வேலைவாய்ப்பு அலுவலகம் பல்லாண்டுகள் இயங்கிய சாலை அது. தெற்கே போனால் பசுமைவழிச் சாலையில் தமிழக அரசின் குடிமைப்பணித் தேர்வுப் பயிற்சி மையம். ஆற்றைத் தாண்டினால் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகத்தை எடுத்துவந்து படிக்க அங்கே தனிப் பகுதியே உண்டு. நடுவில் நம் மந்தைவெளியில் மெட்ரோ ரயிலுக்கான சுரங்கப் பணி; அதில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தவர்கள். வேலை கேட்டுப் பதிந்தவர், வேலைக்காகப் படிப்பவர், வேலை தேடி ஊரைவிட்டு வந்தவர் என மூன்று வகையினரும் ஒரே வட்டாரத்தில் இருக்கிறார்கள்.

என் பேச்சின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தில் வேலையில்லாத காலத்தின் செலவில் பெரும்பங்கை வீடுதான் சுமக்கிறது. வீட்டுக்குள்ளும் அது சமமாகப் பங்கிடப்படுவதில்லை. அந்தச் செலவு எந்த அரசுக் கணக்கிலும் வராததால் அதைக் குறைக்கும் கொள்கையும் பிறக்கவில்லை.

குறைந்த சதவீதம் சொல்லாதது

வேலையில்லாதவர் யார் என்று வரையறுப்பதே நம் நாட்டில் பெரும்பாடு. எம்.எல். தாந்த்வாலா தலைமையிலான நிபுணர் குழு 1970-இல், ஒரே எண்ணைக் கொண்டு இந்திய வேலையின்மையை அளக்க முடியாது என்று சொன்னது. ஆண்டு முழுவதும் வேலையில்லாதவர், இந்த வாரம் வேலையில்லாதவர், இன்று வேலையில்லாதவர் என்று தனித்தனியே எண்ணும் முறை அதன்பிறகுதான் வந்தது. இன்றைய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்புக்கும் அந்தக் குழுவின் சிந்தனையே அடிப்படை.

அந்தக் கணக்கெடுப்பின்படி நாட்டின் வேலையின்மை 2017-18-இல் 6.1 சதவீதம், 2023-24-இல் 3.2 சதவீதம். பார்த்தால் பிரச்சினை தீர்ந்துவிட்டது போலிருக்கும். 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 2023-24-இல் அது 10.2 சதவீதம். படிப்பு வாரியாகப் பிரித்தால் படம் இன்னும் மாறுகிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024-இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை, 2022-ஆம் ஆண்டில் இளம் பட்டதாரிகளிடையே வேலையின்மை 29.1 சதவீதம் என்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே அது 3.4 சதவீதம்.

படித்தால் வேலை கிடைக்காது, படிக்காவிட்டால் கிடைக்கும் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. காலை ஏழு மணிக்குச் சாலைச் சந்திப்பில் தூக்குச்சட்டியோடு நிற்கும் சித்தாள் ஒரு வாரம் வேலையில்லாமல் இருந்தால் வீட்டில் உலை ஏறாது. கிடைத்த கூலிக்கு, கிடைத்த வேலைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். போனால் கணக்கெடுப்பில் அவர் வேலையில் உள்ளவர். சம்பளமில்லாமல் சொந்தக் குடும்பத்தின் கடையில் நிற்பவரும் வேலையில் உள்ளவரே. வேலை கிடைக்காது என்று சலித்துப்போய்த் தேடுவதையே விட்டுவிட்ட பெண், வேலையில்லாதவர் பட்டியலிலும் இருக்கமாட்டார். தொழிலாளர் தொகையிலிருந்தே விலகியவராகக் கருதப்படுவார். ஆக, இந்தக் கணக்கெடுப்பு பெரும்பாலும் காத்திருக்க முடிந்தவர்களைத்தான் எண்ணுகிறது. காத்திருக்க வசதி செய்து கொடுப்பது யார் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

தேர்வு என்னும் வேலை

ஒரு தலைமுறைக்கு முன் இந்தக் காத்திருப்புக்கு ஒரு முறைமை இருந்தது. பட்டம் வாங்கியதும் சான்றிதழ்களுக்கு நகல் எடுத்து, கெஜட்டட் அதிகாரியிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கி, எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் வரிசையில் நின்று பதிவு செய்வார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தவறவிட்டால் சீனியாரிட்டி போய்விடும். அந்தப் பதிவு அட்டையைப் பட்டுப்புடவையோடு பீரோவில் வைத்துப் பூட்டிய அம்மாக்கள் மயிலாப்பூரில் உண்டு. இடைப்பட்ட காலத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். காலை ஆறு மணி பேட்ச்சில் ரெமிங்டன் மெஷின் முன் உட்கார்ந்து முதலில் லோயர், பிறகு ஹையர், முடிந்தால் ஷார்ட்ஹேண்ட். கே. பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ 1980-இல் வந்தபோது, டெல்லியில் வேலை தேடி அலையும் அந்தத் தமிழ் இளைஞர்களைத் திரையில் பார்த்தவர்களுக்கு அடையாளம் கண்டுகொள்ள நேரம் பிடிக்கவில்லை.

இன்று டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்த இடத்தில் கோச்சிங் சென்டர். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு 2024-இல் விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். முதலில் அறிவித்த இடங்கள் 6,244. பின்னர் இடங்களைக் கூட்டினார்கள். கூட்டிய பிறகும் ஓர் இடத்துக்கு 200 பேருக்கு மேல் போட்டி. பத்தாம் வகுப்பு போதும் என்ற அந்தத் தேர்வை எழுதியவர்களில் பொறியியல் பட்டதாரிகளும் முதுகலைப் பட்டதாரிகளும் உண்டு.

இந்தக் காத்திருப்பின் விலையை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அதன் களமும் தமிழ்நாடுதான். 2001 முதல் 2006 வரை மாநில அரசு பெரும்பாலான பணியிடங்களுக்கு ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருந்தது. அந்தக் காலத்தில் கல்லூரியை முடித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று குணால் மங்கள் என்ற பொருளியலாளர் ஆராய்ந்தார். அரசு வேலைக்கு வழி அடைபட்டதும் அவர்கள் வேறு வேலைக்குத் திரும்பியிருப்பார்கள் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். நடந்தது நேர்மாறு. கூடுதல் காலம் படிப்பில் செலவழித்தார்கள். ஆள் எடுப்பு மீண்டும் தொடங்கிப் பத்தாண்டு கழிந்த பிறகும், அந்தத் தலைமுறையினரின் வருமானம் குறைவாகவே இருந்தது. தேர்வுக்காகப் படித்த படிப்பு வேறு வேலைக்குக் கைகொடுக்கவில்லை.

ஏன் விட்டுவிட்டு வர மறுக்கிறார்கள்? இதற்கு விடை தேட 1930-களின் ஆஸ்திரியா வரை போக வேண்டியிருக்கிறது. வியன்னாவுக்கு அருகே மரியென்தால் என்ற கிராமம். ஊரையே வாழவைத்த நூல் ஆலை உலகப் பெருமந்தத்தில் மூடப்பட்டது. மரீ யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசெல் ஆகியோர் அந்த ஊரை ஆராய்ந்து 1933-இல் நூலாக வெளியிட்டார்கள். வேலை போனவர்களுக்கு நேரம் ஏராளமாக இருந்தது. ஆனால் ஊர் நூலகத்தில் எடுக்கப்பட்ட புத்தகங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டன. தெருவில் போகும் ஆண்கள் அடிக்கொருதரம் நின்று நின்று நடந்தார்கள். பெண்களுக்கு நிற்க நேரமில்லை. சம்பள வேலை போனாலும் வீட்டு வேலை போகவில்லையே. வேலை என்பது சம்பளத்தைத் தவிர ஐந்து பொருள்களைத் தருகிறது என்று யஹோதா பிற்காலத்தில் எழுதினார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதத் தொடர்பு, பலரோடு சேர்ந்த ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் இடம், ஓயாத செயல்பாடு.

நம் ஊர்க் கோச்சிங் சென்டரையும் நூலகத்தின் அந்தத் தனிப் பகுதியையும் இந்த ஐந்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலையில் கிளம்ப ஓர் இடம், டெஸ்ட் பேட்ச், டீக்கடையில் கூடும் நண்பர்கள், அறிவிக்கை வரும் என்ற பொது எதிர்பார்ப்பு, ‘பையன் என்ன பண்றார்?’ என்று கேட்பவரிடம் ‘குரூப் டூவுக்குப் படிச்சிட்டிருக்கார்’ என்று தலைநிமிர்ந்து சொல்ல ஒரு பதில். மரியென்தாலில் நூலகம் காலியானது; நம் ஊரில் நூலகம் நிரம்பி வழிகிறது. வேலை தரவேண்டிய ஐந்தையும் இங்கே தேர்வு தந்துவிடுகிறது. ஆறாவதான சம்பளத்தை மட்டும் வீடு கொடுக்கிறது. இளைஞர்கள் சோம்பேறிகள் என்று திட்டுபவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்: அவர்கள் நாளுக்குப் பத்து மணி நேரம் உழைக்கிறார்கள், அந்த உழைப்பால் விளையும் பொருள் எதுவும் இல்லை.

வீட்டின் பேரேடு

ஒரு கணக்கு போடுவோம். மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கக்கூடிய ஒருவர் நான்கு ஆண்டு காத்திருந்தால் இழக்கும் ஊதியம் 7,20,000 ரூபாய். கோச்சிங் கட்டணமும் விடுதி வாடகையும் தனி. இப்படி 1 லட்சம் பேர் ஓராண்டு காத்திருந்தால் இழக்கும் ஊதியம் மட்டும் 1,800 கோடி ரூபாய். அந்தப் பணம் கடைத்தெருவுக்கு வரவில்லை, வரியாக வரவில்லை, சேமிப்பாகவும் வரவில்லை. இத்தனைக்கும் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம் என்றும் நாட்டில் 28.4 சதவீதம் என்றும் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பு சொல்கிறது. பிள்ளைகளைப் படிக்க வைத்ததில் நாம் முன்னே நிற்கிறோம். அப்படிப் படிக்க வைத்த பெருஞ்செலவின் பலன்தான் பரணில் கிடக்கிறது.

இந்த இழப்பை ஈடுகட்டுவது யார்? இந்தத் தெருக்களில் பார்க்கிற காட்சிதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பா, அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி சீருடை போட்டுக்கொள்கிறார். அம்மாவின் வளையல் அடகில் இருக்கிறது. ஆண்டுக்கொருமுறை வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறார்கள், முதல் அசையாமல் நிற்கிறது. தங்கை டிகிரி முடித்ததும் தி.நகர் ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போகிறாள். கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அந்த வேலை எப்படிப்பட்டது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அண்ணனுக்குக் காத்திருக்க அனுமதி உண்டு, தங்கைக்கு இல்லை. அவளே காத்திருந்தால் அதற்குக் கெடு கல்யாணம். பல வீடுகளில் ஒருவருடைய காத்திருப்புக்கு இன்னொருவருடைய படிப்பு விலையாகிறது.

சமூக விளைவு என்றால் குற்றமும் கலவரமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நம்மிடையே அது பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கிறது. கல்யாண வீட்டுக்குப் போகாமல் தவிர்ப்பது, பள்ளி நண்பர்களின் வாட்ஸப் குழுவிலிருந்து விலகுவது, முப்பது வயது தாண்டியும் பெண் கேட்கத் தயங்குவது, அப்பாவும் மகனும் ஒரே வீட்டில் பேசாமல் இருப்பது. அமர்த்தியா சென் 1997-இல் ஐரோப்பிய வேலையின்மையைப் பற்றி எழுதியபோது, உதவித்தொகை கொடுத்து வருமான இழப்பை ஈடுகட்டினாலும் சுதந்திரம், திறமை, உடல்நலம், குடும்ப உறவு ஆகியவற்றில் நேரும் இழப்பை ஈடுகட்ட முடியாது என்று வரிசைப்படுத்திக் காட்டினார். நம் நிலைமை அதற்கும் முந்திய படியில் நிற்கிறது; இங்கே வருமான இழப்புக்கே ஈடு இல்லை. தமிழக அரசின் உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், அதாவது நாளுக்கு 20 ரூபாய். அதையும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்தபின் மூன்று ஆண்டுக்குத்தான் தருகிறார்கள்.

கையிலிருந்த வேலை போகும்போது

இதுவரை வேலை கிடைக்காதவர்களைப் பற்றிச் சொன்னேன். கையிலிருந்த வேலை போனவர்களின் கதை வேறு. பெரம்பூர் பி அண்டு சி மில்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததற்கும், 1921-இல் பெரும் வேலைநிறுத்தம் நடந்ததற்கும் அந்த ஆலையே களம். 1996-இல் அது மூடப்பட்டபோது வடசென்னையில் பல தலைமுறைகளின் பிழைப்பு முடிவுக்கு வந்தது.

நம் காலத்தில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா. 2006-இல் உற்பத்தி தொடங்கிய ஆலை, உச்சத்தில் ஏறக்குறைய 8,000 பேருக்கு நேரடி வேலை தந்தது. வரித் தகராறில் சொத்து முடங்கியது. மைக்ரோசாஃப்ட் வாங்கிய தொகுப்பில் சென்னை ஆலை சேரவில்லை. 2014 நவம்பர் 1-இல் உற்பத்தி நின்றது. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பங்கினர் கிராமத்துப் பெண்கள், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். சொந்தச் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைத்து, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, தனக்கென்று ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருந்தவர்கள். வேலையோடு அந்தச் சொல்வாக்கும் போயிற்று.

மறைமலைநகர் ஃபோர்டு, உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசி வண்டி வெளியே வந்தது. ஏறக்குறைய 2,600 தொழிலாளர்கள். ஆலை மூடும்போது ஓராண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்பதே சட்டம் சொன்ன குறைந்தபட்ச இழப்பீடு. ஃபோர்டு தொழிலாளர்கள் போராடிப் பேசி அதைவிடப் பல மடங்கு வாங்கினார்கள். ஆனால் நிரந்தரத் தொழிலாளிக்குத்தான் பேரம் பேச முடிந்தது. உதிரிபாகக் கம்பெனி கான்ட்ராக்ட் தொழிலாளி, வேன் ஓட்டுநர், மெஸ் நடத்திய அக்கா, அறை வாடகைக்கு விட்டவர் ஆகியோருக்கு இழப்பீடு தரவேண்டியவர் என்று யாருமே இல்லை.

புது வேலை கிடைத்தாலும் பழைய நிலை திரும்புவதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நீண்ட காலம் பணியிலிருந்து ஆட்குறைப்பில் வேலை போனவர்களை ஆராய்ந்து, 1993-இல் மூன்று பொருளியலாளர்கள் வெளியிட்ட முடிவு இது: பல ஆண்டு கழித்தும் அவர்களின் வருமானம் ஏறக்குறையக் கால் பங்கு குறைந்தே இருந்தது. ஓர் ஆலையில் இருபது ஆண்டில் கற்ற கைத்திறனுக்கு அடுத்த ஆலையில் அதே விலை கிடைப்பதில்லை.

வேலை இருந்த இடத்திலேயே இருந்தும் அது கைவிட்டுப் போவதுண்டு. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வீடுகளில் காலையும் மாலையும் வேலை செய்துவந்த பெண்களுக்கு, இரண்டு பஸ் மாறி வந்துபோகும் நேரமும் செலவும் கட்டுப்படியாகவில்லை. நாம் புது ஆளைத் தேடிக்கொண்டோம். அவர்கள் எந்த வேலையின்மைப் புள்ளிவிவரத்தில் சேர்ந்தார்கள் என்று நம்மில் யாரும் கேட்கவில்லை.

‘வேலை இருக்கு, நம்ம பசங்கதான் செய்யறதில்ல’

மெட்ரோ பணியைக் காட்டி இதைச் சொல்லாதவர்கள் குறைவு. அதற்கு என் பதில் இரண்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர் வேலையின்மைக்கு மாற்று அல்லர்; அவரும் வேலையின்மையால் துரத்தப்பட்டு வந்தவரே. குடும்பத்தை விட்டு, வேலையிடத்திலேயே தகரக் கொட்டகையில் தங்கி, எந்த நேரமும் கூப்பிட்டால் வரக்கூடியவர் என்பதற்காகவே கான்ட்ராக்டர் அவரை விரும்புகிறார். அந்த நிபந்தனைகளை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளூர்ப் பையன் ஏன் வரவில்லை என்று கேட்பது நியாயமில்லை. இரண்டாவது, கல்விக் கடன் வாங்கிப் பொறியியல் படித்தவர் கான்கிரீட் கலவை போட இறங்கினால் அது பணிவு ஆகாது. அந்தப் படிப்பின் முதலீடு முழுவதும் நட்டமானது என்ற ஒப்புதல். ஒரு காலத்தில் 500-க்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளைத் திறந்துவிட்டு, அதில் படித்தவரைப் பார்த்து வேலையில் கௌரவம் பார்க்காதே என்று உபதேசிப்பது எளிது.

செய்யக்கூடியவை

நான்கைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, தேர்வு முறை. அறிவிக்கை, தேர்வு, முடிவு, பணி நியமனம் ஆகிய நான்குக்கும் நாள் குறித்து, குறித்த நாளில் நடத்த வேண்டும். முடிவு ஒரு மாதம் தள்ளிப்போனால் லட்சக்கணக்கான வீடுகளின் பேரேட்டில் ஒரு மாதச் செலவு ஏறுகிறது. எழுதிய ஒவ்வொருவருக்கும், நீங்கள் தேர்ச்சிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறீர்கள், இந்த மதிப்பெண்ணில் இருந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த முறை தேறினார்கள் என்ற விவரத்தைத் தர வேண்டும். நம்பிக்கைக்கு ஓர் அளவுகோல் தேவை.

இரண்டு, வேலையின்மைக் காப்பீடு. பிரிட்டன் 1911-இலேயே சட்டமியற்றித் தொடங்கியது. நம்மிடம் இ.எஸ்.ஐ. கட்டமைப்பு இருக்கிறது, 2018-இல் வந்த அடல் காப்பீட்டாளர் நலத் திட்டம், வேலை போனவருக்கு அதிகபட்சம் 90 நாள் வரை ஊதியத்தில் ஒரு பகுதியைத் தருகிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியவரும் முறைசாராத் தொழிலாளியும் அந்த வளையத்துக்கு வெளியே நிற்கிறார்கள். வளையத்தை அகலப்படுத்தவும் காலத்தை நீட்டவும் வேண்டும்.

மூன்று, நகரத்துக்கும் வேலை உறுதி. 2005-இன் ஊரக வேலை உறுதிச் சட்டம் கிராமத்தோடு நின்றுவிட்டது. கேரளம் 2010-இல் அய்யங்காளி பெயரில் நகர்ப்புறத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாடும் 2021-22-இல் 100 கோடி ரூபாயில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. சோதனையை உரிமையாக மாற்ற வேண்டும். கால்வாய் தூர்வாரலோடு நிறுத்தாமல் பள்ளி, நூலகம், மருத்துவமனைப் பணிகளையும் சேர்த்தால் படித்தவர்களும் வருவார்கள்.

நான்காவது நம் கையில் இருக்கிறது. இந்த அவையில் ஆடிட்டர்கள், வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், கடை உரிமையாளர்கள், அச்சக உரிமையாளர்கள் இருக்கிறீர்கள். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு பயிற்சியாளரை, அதிலும் படிப்பை நிறுத்திய ஒரு பெண்ணை, உரிய சம்பளத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். இலவச இன்டர்ன்ஷிப் வேண்டாம். அந்தச் சம்பளத்தையும் அவர்கள் வீட்டிலிருந்துதான் வாங்குகிறோம் என்பது நினைவிருக்கட்டும். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தால், இத்தனை முறை, இந்த வயது வரை என்று இருவரும் உட்கார்ந்து பேசி ஒரு கெடு வையுங்கள். அதே கெடுவை மகளுக்கும் கொடுங்கள்.

வேலையின்மையைத் தனிமனிதனின் தோல்வியாகவும் குடும்பத்தின் பொறுப்பாகவும் விட்டுவைத்திருக்கும் வரை அது ஏழையின் மகளிடமிருந்தும் அம்மாவின் நகையிலிருந்தும்தான் வசூலாகும். அதைப் பொதுக் கணக்குக்கு மாற்றச் சொல்லிச் சட்டமன்றத்தில் கேட்க வைக்க வேண்டியது வாக்காளர்களாகிய நம் கடமை. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம், எத்தனை வேலை தருவீர்கள் என்பதோடு, வேலை போனால் என்ன தருவீர்கள் என்றும் கேளுங்கள்.